பிரேக் மிதி: அழுத்தத்தில்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு லாரிக் கதை சொல்கிறேன். பேய் வருமா என்று கேட்காதீர்கள்; வந்தது என்னவென்று எனக்கே இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை சில்லென்றுதான் இருக்கும், என் வயசு அப்படி.

எரியக்கூடாத ஒரு விளக்கு எரிந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆள் இல்லாத லாரி. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற ஒரு மஞ்சள் விளக்கு முன்கண்ணாடியில் பட்டுக் குண்டுமணி அளவில் மினுங்கிக்கொண்டிருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகச் சின்னவர் பார்த்தார். வாயில் இருந்த தண்ணீரைத் துப்ப மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அந்த லாரிக்கு இருபத்தாறு வயசு. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஓட்டுவது அண்ணன், ஆயில், டயர், பிரேக் என்று பார்த்துக்கொள்வது தம்பி. ஊரே அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் கூப்பிடும். சொந்தப் பெயர்கள் வண்டிக் காகிதத்தில் மட்டும் இருந்தன. பெரியவருக்கு இரண்டு பழக்கம். வண்டியை எடுக்கும் முன்னால் கிளட்சை மூன்று முறை மிதிப்பார். எதற்கு என்று கேட்டால், குதிரையாக இருந்தால் தட்டிக்கொடுக்க மாட்டேனா, அதுமாதிரிதான் என்பார். வீடு திரும்பும்போது ஹாரனை இரண்டு முறை சின்னதாக அடிப்பார். உள்ளே அவர் மனைவி, சின்னவருக்கு அண்ணி, தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை நேரம், மேட்டுச் சாலையில் பாரத்தோடு நின்ற வண்டிக்குள் பெரியவர் போய்விட்டார். நெஞ்சு. சின்னவர் அண்ணியிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"ஒரு நொடி அண்ணி. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி சாப்பிட்டார், தைத்தார், தூங்கினார்.

சின்னவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. அன்று காலை பெரியவர் போன் செய்திருந்தார். மேட்டில் நிறுத்தியிருக்கிறேன், மஞ்சள் விளக்கு எரிகிறது, எனக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது, வந்து பார்க்கிறாயா என்று கேட்டார். சின்னவர் காதில் விளக்கு மட்டும்தான் விழுந்தது. "சாயங்காலம் வர்றேண்ணே. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னொன்று, கை பிரேக் கம்பி. அறுந்துவிட்டது, மாற்று என்று அண்ணன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றவில்லை.

அதற்குப் பிறகு சின்னவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவும் இல்லை. குழம்பில் உப்பில்லை என்று அண்ணி வருத்தப்பட்டால், அப்படியா என்பார். ஒருநாள் கொதிக்கிற தண்ணீர் பாதத்தில் கொட்டியது. கொப்புளத்தை மறுநாள் செருப்பு போடும்போதுதான் பார்த்தார்.

வண்டியை மெக்கானிக்தான் ஓட்டிக்கொண்டுவந்து விட்டான். வீடு பள்ளத்தில் இருக்கிறது. வாசலில் இருந்து ஏறுகிற சரிவின் உச்சியில், சுற்றுச்சுவருக்கு முதுகைக் காட்டி, மூக்கை வீட்டை நோக்கி வைத்து நிறுத்தினான். இரண்டு மாதமாகச் சின்னவர் அதன் பக்கம் போகவில்லை. இப்போது மரக்கடைக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கோளாறு என்று காட்டும் அந்த மஞ்சள் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்க வேண்டுமாம். அது வாசலை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது சின்னவருக்கு.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கோளாறு என்னவென்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்லும் ஸ்கேனர் வேண்டும். கண்ணாடி மேஜைமேல் மூன்று டப்பாக்கள் வந்தன. முதல் டப்பா தீப்பெட்டி அளவு. இது காருக்கு, லாரி பாஷை இதற்குப் புரியாது என்று மெக்கானிக் ஒதுக்கினான். பழைய டீசல் வண்டிக்கு முதலில் ஸ்கேனரைச் செருகுகிற வாயைப் பார்க்க வேண்டும். இதன் வாய் வட்டம், ஆறு துளை. இப்போது வருவதெல்லாம் ஒன்பது. வாய்க்குப் பொருந்துகிற ஒயர் கிடைத்துவிட்டதே என்று வாங்கிப்போய், பேசத் தெரியாத ஸ்கேனரை மாட்டிவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம் என்றான். இரண்டாவது, நீளமான ஒயரும் பெரிய திரையும் கொண்டது. அவனுக்கு அதுதான் பிடித்தது. மூன்றாவது ஒயரில்லாதது. வாயில் செருகிவிட்டு முப்பதடி தள்ளி உட்கார்ந்து போனில் பார்க்கலாம். வேகம், சூடு, எந்த மிதி மிதிபடுகிறது என்பதுவரை அந்தந்த நொடியில் காட்டும். கடைசியாக வண்டி எப்படி நின்றது என்ற பதிவையும் எடுக்கும்.

ஒயர் இருப்பதுதான் நம்பிக்கை, காற்றில் வருவதை எப்படி நம்புவது என்று மெக்கானிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சின்னவர் மூன்றாவதைத்தான் எடுத்தார். ஒயர் உள்ளதை எடுத்தால் அந்த சீட்டில் உட்கார வேண்டும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சாவி போடாமலே ஏன் விளக்கு எரிகிறது என்று கேட்டதற்கு மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பாட்டரி ஒரு வாரத்தில் செத்திருக்க வேண்டுமே என்றான். பிறகு சிரித்தான்.

"கம்ப்யூட்டர் தூங்கலண்ணே. உள்ள இன்னும் ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

சாயங்காலம் ஐந்து மணி. வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. முன்னறையில் அண்ணியின் தையல் மிஷின் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவர் சரிவில் ஏறி, லாரியின் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை மட்டும் வைத்து நின்றார். உள்ளே பூட்டிக் கிடந்த வெக்கை, டீசல், பழைய ரெக்ஸின், அடியில் எங்கோ அண்ணன் போடும் வலித்தைலத்தின் வாசனை எல்லாம் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. சீட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவி, வட்ட வாயைக் கண்டுபிடித்து ஸ்கேனரைச் செருகித் திருகினார். கையை இழுக்கும்போது புறங்கையில் துணி உரசியது. முரட்டுத் துணி, பேண்ட் துணி மாதிரி. சீட் உறையாக இருக்கும் என்று நினைத்தார்.

இறங்கும்போது லாரிக்குப் பின்னால் சுற்றுச்சுவர் லேசாகச் சிவந்திருந்தது. வெயில்தான் என்று நினைத்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தார். தேடுகிறது, தேடுகிறது என்று வட்டம் சுற்றியது. பிடித்துக்கொண்டது. முதலில் கடைசிப் பதிவு வந்தது. அந்தத் தேதி. வண்டி நின்றது காலை ஒன்பது ஆறு. வேகம் பூஜ்யம். பிரேக் மிதி அழுத்தத்தில் இருந்த நேரம், நாற்பத்தேழு நிமிஷம்.

சின்னவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேசியது ஒன்பது எட்டுக்கு. அந்த அழைப்பு இதே போனில் இன்னும் இருக்கிறது. மேட்டுக்குக் கீழே பஸ் நிறுத்தம். கை பிரேக் இல்லை. பாரம் ஏற்றிய வண்டி, பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் நேரே கீழேதான் உருளும். அன்று கடைசியில் வந்தவர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே ஏறினார்கள் என்றும், பெரியவரின் காலைப் பிரேக்கில் இருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்றும் யாரோ சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

ஒரு நொடி இல்லை.

உள்ளே மிஷின் கடகடத்தது. அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. விரல் தானாக அடுத்த பக்கத்தைத் தள்ளியது. இப்போது நடப்பதைக் காட்டும் பக்கம். இஞ்சின், பூஜ்யம். வேகம், பூஜ்யம். கிளட்ச் மிதி, விடுபட்டது.

பிரேக் மிதி, அழுத்தத்தில்.

பழைய வண்டி, ஏதாவது ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. பின்சுவரில் அந்தச் சிவப்பு இன்னும் இருந்தது. வெயில் அந்தப் பக்கம் சாய்வதில்லை. அது பிரேக் விளக்கு.

சீட் உறை. மெக்கானிக் வண்டியைக் கழுவிய அன்றே அதைக் கழற்றி எறிந்துவிட்டான்.

பிறகு அவர் சக்கரங்களைப் பார்த்தார். முன்சக்கரம் இரண்டும் வெறுமனே இருந்தன. கல் இல்லை. கட்டை இல்லை. வண்டியை விட்ட அன்று மெக்கானிக், கை பிரேக் இல்லை, கல் வையுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனான். இவர் தலையை ஆட்டினார். இவர் வைத்திருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் வைத்திருப்பான் என்று இவர். இரண்டு மாதம். சரிவின் உச்சியில் லாரி. நேர் கீழே முன்னறை. முன்னறையில் ஜன்னலோரம் அண்ணி.

இவ்வளவு நாள் அது எதனால் நின்றது?

எழுந்தார். அவசரப்படாமல், சத்தம் போடாமல், தூங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோல் ஏறினார். சுவரோரம் ஒரு கல் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கினார். திரும்பினார்.

சுவரில் சிவப்பு அணைந்தது.

லாரி முனகியது. ஒரு சாண் நகர்ந்தது.

கல் எங்கே விழுந்தது என்று தெரியாது. எப்படி ஏறினார் என்று தெரியாது. சீட்டில் இருந்தார். வலது கால் பிரேக்கில். முழு பலமும் அதில். வண்டி குலுங்கி நின்றது. கதவு தானே சாத்திக்கொண்டது.

சீட் சூடாக இருந்தது. இப்போதுதான் எழுந்துபோன சூடு.

கியரில் போட்டால் நிற்கும். குச்சியைத் தள்ளினார், தடையில்லாமல் முதல் கியரில் விழுந்தது. காலை மெல்ல எடுத்துப் பார்த்தார். வண்டி நழுவியது. மறுபடி மிதித்தார். இடது காலால் கிளட்சைத் தேடினார். மிதி அங்கே இல்லை. தரையோடு ஒட்டிக் கீழே கிடந்தது, யாரோ மிதித்துக்கொண்டிருப்பதுபோல். அதன் மேல் எதுவும் இல்லை. கிளட்ச் அழுந்திக் கிடக்கும்வரை எந்தக் கியரும் வண்டியைப் பிடிக்காது.

அண்ணியைக் கூப்பிட்டார். கண்ணாடி இறங்கவில்லை. மிஷின் சத்தத்தில் குரல் போகவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். வண்டி நிற்க மாட்டேன் என்கிறது, வா, என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவன் குரல் தூரத்தில் இருந்தது.

"ஒரு இஞ்சினக் கழட்டி வச்சிருக்கேண்ணே. முடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

போன் மடியில் விழுந்தது. திரையில் அந்தப் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் மிதி, அழுத்தத்தில். பக்கத்தில் நிமிஷம் ஏறியது. பத்து. இருபது. கால் முதலில் வலித்தது. இரண்டு மாதத்தில் அவருக்கு வலித்தது அதுதான். பிறகு மரத்தது. பாதம். கெண்டை. முழங்கால். கால் அங்கே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

நாற்பது.

ஹாரன். ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? உள்ளங்கையால் அழுத்தினார். அழுத்திப் பிடித்து அலறவிடத்தான் நினைத்தார். அது இரண்டு முறை, சின்னதாக அடித்து நின்றது. பிறகு அழுத்தியபோது அடிக்கவே இல்லை.

தையல் மிஷின் நின்றது.

அண்ணி வாசலுக்கு வந்தார். தோளில் அளவு நாடா. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். போங்கள் போங்கள் என்று சின்னவர் கையை ஆட்டினார். அண்ணி சரிவில் ஏறி வந்தார். பம்பருக்கு நேர் எதிரே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வந்து நின்றார். இரண்டு மாதமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். தம்பியைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"வந்துட்டீங்களா?"

நாற்பத்தேழு.

சின்னவரின் இடது காலுக்குப் பக்கத்தில் கிளட்ச் மேலே வந்தது. கீழே போனது.

மேலே. கீழே.

மேலே. கீழே.

இவ்வளவுதான் கண்ணுகளா, இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வாசலில் நிற்கும் வண்டிகள் எல்லாம் நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும். ஒரு மாதிரியாக இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யார் சொன்னாலும், அந்த நிமிஷமே எழுந்து போகிற கால்கள் உங்களுக்கு இருக்கட்டும். வெளியே போனவர்கள் பொழுதோடு திரும்பட்டும். கதவைத் திறப்பவர்கள், யாருக்காகத் திறந்தார்களோ அவர்களையே பார்க்கட்டும். நல்லா இருங்கள்.