கால்வாயைத் தேடி வந்தவன்

“இங்கதானே இருக்கணும்... எங்க போச்சு?”

கொட்டுகிற மழை. தெருவின் நட்டநடுவில், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடத்தில் கண்ணைப் பதித்தபடி, பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தான் அவன்.

அவளுக்கு வீடு இந்த வரிசை, கடை எதிர் வரிசை. நடுவில் இந்த ஒரு தெருதான். இதற்குப் போய்க் குடை எதற்கு என்று, கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள்.

டமால்!

குடை ஒரு பக்கம் பறந்தது. வரைபடம் ஒரு பக்கம் விழுந்தது. அவன் மூக்கில் இருந்த கண்ணாடி... அவள் செருப்புக்கு அடியில் ‘நறுக்’கென்றது.

“தெருவுல யாராவது ரிவர்ஸ்ல வருவாங்களா? பின்னாடி கண்ணு இருக்கா உங்களுக்கு?”

“முன்னாடி இருந்ததையும் நீங்க மிதிச்சுட்டீங்களே!”

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

“அப்படி என்னத்தைத் தேடுறீங்க?”

“கால்வாய்.”

“என்னது?”

“இங்க ஒரு கால்வாய் இருக்கணுங்க. மேப்புல இருக்கு. நேத்துல இருந்து தேடுறேன்.”

அவ்வளவுதான்... சிரிப்பு ஜெயித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நீங்க நிக்கிறதே அது மேலதான் சார்! அதை மூடி, மேல தெரு போட்டாச்சு. நான் அப்ப ஸ்கூல் போயிட்டிருந்தேன். சும்மா நின்னு கேளுங்க.”

அவன் உண்மையாகவே நின்று கேட்டான். மழைச் சத்தத்துக்கு அடியில், கால் வைத்திருந்த கான்கிரீட் சிலாபுக்கும் கீழே, சளசளவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் அப்படியே மலர்ந்தது. கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி தொங்க, எதுவுமே தெரியாமல், ஆனால் அவளையே பார்ப்பது போல...

அவள் சட்டென்று குனிந்து உடைந்த ஃபிரேமைப் பொறுக்கினாள்.

“வாங்க. உடைச்சது நான்தானே? நல்லவேளை, எனக்குக் கண்ணாடிக் கடைதான்.”

“ஓஹோ... இப்படித்தான் ஆள் பிடிக்கிறீங்களா?”

வாய் பெரிசுதான் ஆளுக்கு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும், வழி தெரியாமல் தடுமாறியவனின் சட்டைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது அவள்தான்.

கடையின் பின்புறம் சின்ன டெஸ்ட் ரூம். விளக்கை அணைத்தாள். அவன் மூக்கில் வட்டச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“எழுத்தைப் பாருங்க. முதல்ல இருந்ததா... இப்ப இருக்கிறதா? எது நல்லாயிருக்கு?”

“ரெண்டுமே நல்லாயிருக்கு.”

“நல்லாப் பாருங்க. இதுவா... இதுவா?”

“ரெண்டுமே...”

அப்போதுதான் கவனித்தாள். பாவி, எழுத்துப் பலகையையே பார்க்கவில்லை. லென்ஸுக்கு இந்தப் பக்கம் இருந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“லென்ஸைக் கேட்டேன்!”

“நானும் லென்ஸைத்தான் சொன்னேன்” என்று அசடு வழிந்தான். இருட்டு எவ்வளவு உபகாரம் செய்கிறது பாருங்கள்... அவள் கன்னம் சிவந்தது அவனுக்குத் தெரியவில்லை.

மைனஸ் நாலரை பவர். புது லென்ஸ் வெளியிலிருந்து வரவேண்டும். அந்தப் பவரில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாரோ ஒரு அம்மா ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன, ஓரம் தூக்கிய சிவப்பு ஃபிரேம்.

“இதையா?”

“இல்லாட்டி கால்வாய்க்குள்ளயே போயிடுவீங்க. போடுங்க.”

போட்டுக்கொண்டான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. ஈரத்தைத் துடைக்கலாம் என்று அவன் வரைபடத்தை மேசையில் விரித்தாள்... அவள் தெரு. அதன் நட்டநடுவே, தடிமனாக ஒரு சிவப்புக் கோடு. வீட்டுப் பக்கம் ஏழாவது வார்டு. கடைப் பக்கம் எட்டு.

“இது என்ன?”

“வார்டு எல்லைங்க. மாத்திப் போடுறோம். எட்டுல ஜனம் குறைவு, ஏழுல அதிகம். ரெண்டையும் சமமாக்கணும். அந்த வேலையில மேப் போடுறவன்தான் நான். ஆறு, கால்வாய், ரயில் பாதைன்னு இயற்கையா ஒரு பிரிவு இருந்தா, அதை ஒட்டிக் கோடு போடுவோம்.”

“கால்வாயை ஒட்டியா! அதான் மூடியாச்சே! நான் தூங்கி எந்திரிக்கிறது ஒரு வார்டு, கடை திறக்கிறது இன்னொரு வார்டா? சரி, அது போகட்டும். எதிர் வரிசை தாழ்வு. கால்வாய் அடைச்சா தண்ணி அங்கதான் ஏறும். வேற ஊர்ல இருந்து வந்து குடியேறின சனம், எண்ணிக்கையும் கொஞ்சம். எட்டாவது வார்டுல வாலா ஒட்டிட்டா அவங்க பேச்சை யாரு கேட்பா? சிலாபு உடைஞ்சா ரெண்டு வார்டுக்காரங்களும் நீ சரி பண்ணு, நீ சரி பண்ணுன்னு நிப்பாங்க. தண்ணிக்கு எந்த வார்டு சார்? சொல்லுங்க!”

அவன் சிவப்புக் கண்ணாடி வழியாகப் பேந்தப் பேந்த விழித்தான்.  ஆபீஸில் இருந்தது பழைய வரைபடம். கால்வாயைக் காட்டும் நீலக் கோட்டைப் பார்த்தார்கள், அதன்மேல் சிவப்பை இழுத்தார்கள். நீலம் என்றோ மண்ணுக்கு அடியில் போய்விட்டது என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

“நான் வந்து பார்த்தேனே...” என்றான் மெதுவாக.

அந்தக் குரலில் அவள் கோபம் பாதி கரைந்தது. ‘ஆமா, மழையில வந்தானே’ என்றது மனசு. ‘சும்மா இரு’ என்றாள் மனசிடம்.

அதன்பிறகு அவன் அடிக்கடி வந்தான். ஒரு நாள் ஃபிரேம் இறுக்கமாக இருந்தது. மறுநாள் தளர்வாக இருந்தது. அதற்கடுத்த நாள் மூக்குப்பட்டை உறுத்தியது. ஒவ்வொரு தடவையும், “லென்ஸ் வந்துருச்சா?” என்று கேட்பான். “இன்னும் வரல...” என்பாள். கோட்டைச் சரிபார்க்கத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். யார் வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது, யார் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுகிறது எல்லாம் கேட்டான்.

“அடியே, உன் சிவப்புக் கண்ணாடி வர்றாரு” என்று பக்கத்து சலவைக்கடை அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். “அந்த மூக்குல அப்படி என்னதாண்டி கோளாறு?”

“அக்கா! சும்மா இருங்க!” என்பாள். ஆனால் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்யும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... அவள் அம்மா கடைக்குள் நுழைகிற வரை.

“மேப் தம்பி நீங்கதானே? அருமையான கோடு போட்டிருக்கீங்க தம்பி! மாத்திடாதீங்க.”

தேநீர்க் கோப்பை அவன் கையில் அப்படியே நின்றது. அம்மா ஏழாவது வார்டு கவுன்சிலர். போன தடவை மயிரிழையில் ஜெயித்தவள். எதிர் வரிசை தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அது ஆறாத மனத்தாங்கல். “அந்த வரிசை எட்டுக்குப் போனா எனக்கு நிம்மதி. இவ என் பொண்ணுதான், சொன்னாளா?”

சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அம்மா போனதும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.

“கவுன்சிலர் பொண்ணுன்னு சொல்லியிருக்கலாமே.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அதுல என்ன?”

“இனி நான் இங்க வரக்கூடாதுங்க. கோட்டை மாத்தினாலும் உங்களுக்காக மாத்தினேன்னு சொல்வாங்க. மாத்தாம விட்டாலும் உங்க அம்மாவுக்காக விட்டேன்னு சொல்வாங்க.”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “ஓ... ஒரு கோட்டுக்காகத்தான் நான் உங்களைப் பார்த்துச் சிரிச்சேன்னு நினைக்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே...”

“போங்க சார். எனக்காக நீங்க ஒரு புள்ளிகூட நகர்த்த வேண்டாம். எங்க தெருவுக்காக நானே பேசிக்கிறேன்.”

போய்விட்டான். திரும்பிப் பார்க்காமல் போனான். அவள் டெஸ்ட் ரூம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே, மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வெளியே அதே மழை. மேடையில் எல்லைக் குழுத் தலைவி, பக்கத்தில் பதிவு எழுத்தர், ஓரத்தில்... சிவப்புக் கண்ணாடி. இளைத்திருந்தான். ‘இளைக்கட்டும்’ என்று நினைத்தாள். அடுத்த நொடியே ‘ஐயோ, சாப்பிட்டானா?’ என்று நினைத்தாள்.

முன்வரிசையில் அம்மா. பின்னால் சலவைக்கடை அக்காவும் எதிர் வரிசைக்காரர்களும். அவள் எழுந்தாள். 

“கால்வாய் கீழ இருக்கும்மா. மேல இருக்கிறது தெரு. நாங்க தெருவுலதான் வாழறோம். வெள்ளம் வந்த ராத்திரி தண்ணி எதிர் வரிசைக்குத்தான் ஏறுச்சு. எங்க வரிசை மேடு, எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா எங்க அம்மா முட்டிவரைக்கும் தண்ணியில நின்னு, ஆள் கூட்டி, சிலாபைத் தூக்கவச்சாங்க. நீ எனக்கு ஓட்டுப் போட்டியான்னு ஒருத்தரைக்கூட அன்னிக்கு அவங்க கேட்கல.” முன்வரிசையைப் பார்த்தாள். “அந்த அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். அந்தத் தெருதான் எனக்கு வேணும்.”

 அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

தலைவி அவன் பக்கம் திரும்பினார். “வரைபடம் போட்டவர் நீங்க. என்ன சொல்றீங்க?”

அவன் எழுந்தான். “அதை நான் சொல்லக்கூடாது மேடம்.”

“ஏன்?”

“எல்லை போடுறவருக்கு அந்த இடத்துல சொந்த விருப்பம் ஏதாவது இருந்தா, திறந்த கூட்டத்துல அதைச் சொல்லிட்டு விலகிக்கணும். அதான் விதி.”

“என்ன, இடம் வாங்கியிருக்கீங்களா?”

“இல்லை மேடம்.”

“சொந்தக்காரங்க இருக்காங்களா?”

“இன்னும் இல்லை மேடம்.”

“இன்னும் இல்லையா?” தலைவியின் புருவம் ஏறியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அந்தத் தெருவுல... ஒருத்தங்க மேல எனக்கு ஆசை மேடம். அவங்களைப் பார்த்த நாளிலிருந்து, எது நியாயமான கோடு, எது அவங்க சிரிக்கிற கோடுன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்க முடியல. அதனால இந்தக் கோட்டை வேற யாராவது போடட்டும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது அடைத்தது. மழையா, தன் நெஞ்சா, எது இப்படி அடிக்கிறது?

எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்தார். “யாருன்னு பதிவு பண்ணணுமே...”

“முடியாதுங்க. அவங்ககிட்டயே நான் இன்னும் சொல்லல. அவங்க மனசு தெரியாம, சபையில பேரைச் சொல்ல மாட்டேன்.”

அட மடையா... இத்தனை பேர் முன்னால் மானம் போக நின்றுகொண்டு, அவளை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறான்! அந்த நொடியில் அவளிடம் இருந்த வீறாப்பு எல்லாம் எங்கேயோ ஓடிப் போனது.

“எழுதிக்கோங்க சார்” என்றாள். “நான்தான்!”

சலவைக்கடை அக்கா விசிலே அடித்துவிட்டாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. மேசையைத் தட்டித் தட்டித் தலைவிக்குக் கை வலித்தது. “அமைதி! அமைதி! ஆட்சேபணை இருக்கிறவங்க சொல்லலாம்.”

அம்மா எழுந்தாள்.

சத்தம் சட்டென்று அடங்கியது. அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“ஆட்சேபணை இருக்கு” என்றாள் அம்மா. “கோட்டுக்கு.” பொறுமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “தெரு முழுசா ஏழுலயே இருக்கட்டும். ஜனக்கணக்கு இடிக்கும்னா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடியை எட்டுக்குக் கொடுங்க. ரயில் பாதையை யாரும் இன்னும் மூடல.”

“அது உங்க ஓட்டாச்சேம்மா” என்றார் தலைவி.

“எனக்குத் தெரியாதா? எதிர் வரிசையில நான் கேட்டு வாங்கிக்கிறேன்.” பின்னால் திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். “அப்புறம் அந்தத் தம்பி விஷயம்... அது சபைக்குத் தேவையில்லை. வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நேரா நடந்து வரச் சொல்லுங்க. பின்பக்கமா நடக்கிற ஆளுன்னு ஊரே பேசுது.”

அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து, காலியாக இருந்த நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வேலை முடிந்துவிட்டது. இனி அந்தக் கோட்டோடு அவனுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

“நானும் ஒண்ணு சொல்லணும்” என்று கிசுகிசுத்தாள் அவள். கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக்கூட்டை எடுத்தாள். “உங்க லென்ஸ்... எப்பவோ வந்துருச்சு.”

“எப்பவோன்னா?”

“ரொம்ப நாளாச்சு. கொடுத்துட்டா... நீங்க வர மாட்டீங்களே...”

அவன் வாய் பிளந்தான். அவள் சிவப்பு ஃபிரேமை மெல்லக் கழற்றினாள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.  மறைக்க இப்போது இருட்டு இல்லை. கன்னம் சிவந்ததை அவன் நன்றாகவே பார்த்தான்.

“எப்படி இருக்கு? முதல்ல இருந்ததா... இப்ப இருக்கிறதா?”

“ரெண்டுமே நல்லாயிருக்கு” என்றான், அவள் முகத்தையே பார்த்தபடி.

இந்தத் தடவை லென்ஸைக் கேட்டேன் என்று அவள் சொல்லவில்லை.