வாலுவின் மூக்கும் கைக்கண்ணாடியும்

வாலுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூக்குக்குள் மூச்சுதான் வரவில்லை.

மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த அடினாய்டு சதையை ஆறு மாதத்துக்கு முன்பே டாக்டர் எடுத்துவிட்டார். ஆனாலும் அவள் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினாள். அவள் விட்ட குறட்டையில் அண்ணன் தலையணையோடு கூடத்துக்குக் குடிபோய்விட்டான்.

"இது வெறும் பழக்கம்டி. வாயை மூடிப் படு, தானா சரியாகும்," என்றாள் அம்மா.

"மூடினா மூச்சு முட்டுதும்மா!"

"முழுசா எடுத்தாச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கே."

"ரிப்போர்ட்டா மூச்சு விடுது? நான்தானே விடறேன்!"

மூச்சு முட்டுவதைவிட, வீட்டில் ஒருவர்கூட நம்பாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் குளியலறைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பரு தேடினான். அவன் மூக்குக்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்தது. அவன் போனதும் வாலுவும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி பளிச்சென்றே இருந்தது.

'அப்படியா சேதி!' என்று அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று மாலை டாக்டரிடம் போகவேண்டியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "பழக்கம்தான். போகப்போக சரியாயிடும்."

வாலு கண்ணாடியை நீட்டினாள். "வாயை மூடிக்கிட்டு இதுல மூச்சு விடுங்க டாக்டர்."

"ஏய்! மானத்தை வாங்காதே!" என்று அம்மா பதறினாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே மூக்கால் மூச்சு விட்டார். இரண்டு வட்டமாக ஆவி படிந்தது. வாலு அதைத் துடைத்துவிட்டுத் தன் மூக்கடியில் பிடித்தாள். கண் பிதுங்கியது, முகம் சிவந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவிகூட இல்லை.

டாக்டரின் சிரிப்பு நின்றது. கேமரா வைத்த மெல்லிய குழாயை அவள் மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சதைத் துண்டு மூச்சு வழியை அடைத்துக்கொண்டு தெரிந்தது.

"கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா. நான் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கு. நீ சொன்னதுதான் சரி."

"உன்னைப் போய்த் திட்டினேனே!" என்று அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"முதல்ல மூக்குக்குள்ள மருந்து அடிச்சுப் பார்ப்போம். கேக்கலைன்னா மறுபடி எடுக்கணும். பயமா இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"பயமெல்லாம் இல்ல," என்றாள் வாலு. "ஆனா இந்தத் தடவை முழுசா எடுத்தாச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி, என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க."