வலப்பக்கச் சுக்கான்

வலப்பக்க இருக்கை மறுபடியும் முன்னால் நகர்ந்திருந்தது. மதியம் சிவரூபிதான் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினாள், பூட்டியதாகத்தான் நினைவு. அதன் பிறகு பெட்டிக்குள் எவரும் ஏறவில்லை.

துறைமுக வீதியில் பழைய பண்டகசாலை ஒன்றுக்குள், விமானிகள் தரையிலேயே ஓட்டிப் பழகும் அந்தப் பயிற்சிப் பெட்டி நின்றது. வெளியே வெள்ளைத் தகரக் கூடு. உள்ளே ஒரு விமானத்தின் முழு விமானி அறை. ஒரே கம்பனி செய்த சிறிய விமானத்துக்கும் பெரிய விமானத்துக்கும் இதே அறைதான். ஒன்றைப் பழகியவர் மற்றதையும் ஓட்டட்டும் என்று ஒரு விளக்குக்கூட இடம் மாறாமல் கட்டியிருந்தார்கள். பெட்டி இப்போது எந்த விமானம் என்பது வெளியே அவளுடைய மேசையிலிருந்த விசைக்கு மட்டுமே தெரியும்.

"நீங்கள்தானே சீட்டைத் தள்ளி விளையாடுறீங்கள்?" என்றார் மின்வேலை பார்க்கும் முனீப். "பேயெண்டாலும் லைசென்ஸ் எடுத்த பேய்தான். சீட்டைச் சரிபண்ணிப்போட்டெல்லோ இருக்குது."

"பகிடி விடாதேங்கோ, முனீப் நானா."

"சரி, சரி. பாங்கு சொல்லப்போகுது, நான் பள்ளிக்குப் போயிட்டு வாறன். கப்டன் இராகுலன் வந்தா நீங்கள் தொடங்குங்கோ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் நிலக்சன் குள்ளம். அவன் இருக்கையை அவ்வளவு முன்னால் இழுத்துத்தான் உட்காருவான்.

போன வருடம் அந்தச் சிறிய வகைச் சரக்கு விமானமொன்றில், வலப்பக்க இருக்கையில், துணை விமானியாகப் போனவன் அவன். வெளிநாட்டில், கடலோர ஓடுபாதையொன்றில் விமானம் பொத்தென்று விழுந்து கடலுக்குள் சரிந்தது. தப்பியவர் கப்டன் இராகுலன் மட்டும். பொடியன் பயந்து சுக்கானை இழுத்துவிட்டான் என்று விசாரணையில் அவர் சொன்னார். விமானிகள் இருவர் முன்னாலும் உள்ள, இழுத்தால் மூக்கைத் தூக்கும் அந்தச் சுக்கான்கள் இரண்டும் உள்ளே பிணைக்கப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். இழுத்தது யாருடைய கை என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியவில்லை. பிளேனை விழுத்தினவனின் தாய் என்று கடையில் யாரோ சொன்ன நாளிலிருந்து, லிங்கநகர் வீட்டில் அம்மா படலையைத் தாண்டி வெளியே போவதில்லை.

சிவரூபிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த விபத்துக்கு முன் இராகுலன் ஓட்டியதெல்லாம் பெரிய விமானம். அதில் விமானியின் கண் தரையிலிருந்து கூடுதல் உயரத்தில் இருக்கும். இறங்கும்போது அந்த உயரத்திலேயே சிறியதின் மூக்கையும் தூக்கினால், சக்கரம் தரையைத் தொடமுன் அது அந்தரத்தில் தவித்து விழும். அவருடைய கை அதைச் செய்வதை அவள் பார்க்க வேண்டும். பிறகு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இந்த வேலையில் சேர்ந்ததே அதற்காகத்தான்.

இராகுலன் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பெரிசைப் போடுங்கோ, தங்கச்சி. நான் தனியத்தான் ஓட்டப்போறன்."

முதல் இறக்கம் பூப்போல இருந்தது. அடுத்ததற்கு அவள் சத்தமில்லாமல் விசையைச் சிறியதற்கு மாற்றினாள். உள்ளே எதுவும் மாறவில்லை. மேசைத் திரையில் ஓடுபாதை எழுந்து வந்தது. சுக்கான் முன்கூட்டியே பின்னால் வந்தது. திரையில் விமானம் ஒரு கணம் மிதந்து விழுந்தது. கொங்கிறீற்றில் அறைந்து நிறுத்திய அந்தப் பெட்டி, அசையவே முடியாத அந்தப் பெட்டி, ஒருமுறை குலுங்கியது. அதன் இடுக்குகளிலிருந்து துறைமுகத்தின் டீசல் வாடையைத் தள்ளிக்கொண்டு, கருகிய றப்பரும் ஆழ்கடல் உப்பும் கலந்த ஒரு நாற்றம் மெல்லப் பரவியது.

அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் அவர் குரல். "தங்கச்சி, வலப்பக்கச் சுக்கானை ஏன் ஆட்டுறீங்கள்?"

"உங்கட சுக்கானோட அதுவும் வரும்தானே, சேர்."

"இல்லை. அதுதான் என்ர சுக்கானை இழுக்குது."

அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். "நான் நிலக்சன்ர தங்கச்சி, சேர். அண்டைக்கு இழுத்தது ஆர்?"

மூச்சுச் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல.

"நான்தான்," என்றார் இராகுலன். "பெரிசிலதான் இருக்கிறன் எண்டு கை நினைச்சிட்டுது. பிறகு வேலை போயிடுமெண்டு பயந்து அவன்ர தலையில போட்டன். சின்னதை விட்டிட்டுத் திரும்பப் பெரிசுக்கே போனன், தங்கச்சி. பிளேன்தான் மாறினது, அறை மாறேல்லையே. எங்க ஏறினாலும் பக்கத்தில இருக்கிறான்."

"விசாரணைக்காரரிட்ட இதைச் சொல்லுவீங்களோ?"

"ஓம், நாளைக்கே. அம்மாட்டயும் வந்து சொல்லுறன். கதவைத் திறவுங்கோ பிள்ளை, என்னால எழும்ப ஏலாமல் கிடக்கு."

நாளைக்கே. அம்மா படலையைத் தாண்டுவாள். சிவரூபி மேசை விசைகளை அணைத்தாள். திரை இருண்டது. ஆனாலும் உள்ளே மறுபடியும் விமானம் பொத்தென்று விழும் சத்தம்.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள்.

வலப்பக்கம் ஆளில்லை. சுக்கான் மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து நீர் சொட்டியது. இடப்பக்கச் சுக்கானும் கூடவே வந்தது. இருக்கைப் பட்டிக்குள் இறுகியிருந்த இராகுலனின் நெஞ்சில் முட்டியது. நிற்கவில்லை. ஏதோ முறிந்தது.

"விடண்ணா! அவர் நாளைக்குச் சொல்லவேணும்! செத்தா ஆர் சொல்லுறது?"

சுக்கான் நிற்கவில்லை.

கதவு நிலையில் சிவப்புப் பொத்தான். எல்லா மின்சாரத்தையும் வெட்டுவது. கையை நீட்டினாள். விரல் பட்டது. அதற்கு மேல் அசையவில்லை. அவளுடைய கையைச் சுற்றி இன்னொரு கை. சின்னக் கை. ஈரம். குளிர். நோகாமல்தான் பிடித்திருந்தது. விடவில்லை.

உள்ளே இராகுலன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல்லத்தான் பார்த்தார். சொல் வரவில்லை. வாயிலிருந்து நாடி வழியே, சட்டை வழியே, கடல்நீர் வந்துகொண்டே இருந்தது.