படத்துக்குப் படம் செத்த நாய்

"ஆ...ஆ...ஆ!"

அந்த அலறல் படப்பிடிப்புத் தளத்தின் கூரையில் மோதித் திரும்பியது.

அப்புறம்... கைதட்டல்!

விளக்குப் பிடிக்கிறவர்கள் தட்டினார்கள். மேக்கப்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். டைரக்டர் ரோலண்ட் க்ரீல் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"கட்! பிரமாதம்! கேமராவுல பிடிச்சீங்களா?"

"கேமரா ஓடவே இல்ல சார்," என்றான் கேமராக்காரன். "சாப்பாட்டு நேரம்."

க்ரீலின் முகம் சுண்டிவிட்டது.

"டேய் பட்டன்! இவ்வளவு நல்ல அலறலை சாப்பாட்டு நேரத்துலயா வீணாக்குவ? இன்னொரு தடவை அலறு!"

பட்டன் மெல்ரோஸ். அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. சுருட்டை முடி, கன்னத்தில் குழி, முன்பல்லில் ஓட்டை. பல் முளைத்து நாளாகிவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் ஓட்டை என்று இருக்கிறதே! தினமும் காலையில் அந்தப் பல்லுக்குக் கறுப்பு மெழுகு பூசுகிறார்கள்.

பட்டன் மறுபடி அலறவில்லை. டைரக்டரின் கேரவனை நோக்கிக் கையை நீட்டினான்.

"சார்... அங்க... மேஜர்..."

மேஜர் அவனோடு எல்லாப் படங்களிலும் நடித்த நாய். எல்லோரும் ஓடினார்கள்.

கேரவனின் தரையில் கருநிறத்தில் ஒரு குளம். குளத்தின் நடுவே நாயின் கழுத்துப்பட்டை.

நாயைக் காணோம்!

"ரத்தம்!" என்று வீறிட்டாள் மேக்கப்காரி. இருபது வருடமாக இதே தளத்தில் வேலை பார்ப்பவள். ரத்தத்தை அவளுக்குத் தெரியாதா?

* * *

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் கொலைப் பிரிவு லெப்டினன்ட் ஹாலரன் வந்து இறங்கினார். பெருத்த தொப்பை, நசுங்கிய தொப்பி.

"ஸ்டார் ஒருத்தரைக் கொன்னுட்டாங்கன்னு போன் வந்துச்சு. பிணம் எங்க?"

"பிணம் இல்ல. நாய்," என்றார் க்ரீல்.

"நாய்க்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"அது வாங்குற சம்பளத்துல பாதிகூட நீங்க வாங்க மாட்டீங்க!" பாய்ந்து வந்தாள் பட்டனின் அம்மா வெர்னா. விரலிடுக்கில் சிகரெட். "நாடே அழப்போகுது ஆபீசர். என் பையன் ஒடிஞ்சு போயிட்டான். ஒன்பது வயசுக் குழந்தை!"

"பன்னிரண்டும்மா," என்றான் பட்டன் பின்னாலிருந்து.

"வாயை மூடு கண்ணா. ஷூட்டிங் நேரத்துல ஒன்பது."

ஹாலரன் பெருமூச்சு விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இந்த ஊரில் ஒரு தொழில். நல்ல வருமானமும் கூட.

கேரவனுக்குள் போனார். குளத்தின் அருகே குனிந்தார். ஒரு விரலால் தொட்டார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பையன்கிட்ட தனியாப் பேசணும்."

* * *

தனியாகப் பேச இடம் கிடைப்பதே அங்கே குதிரைக்கொம்பு. கடைசியில் தளத்தின் பின்னால் இருந்த சாமான் கொட்டகைக்குள் போனார்கள்.

உள்ளே ஒரு காடே நின்றது. பஞ்சடைத்த கரடி. பஞ்சடைத்த மான். பஞ்சடைத்த கழுகு. மூலையில் நாலைந்து பஞ்சடைத்த நாய்கள், படுத்தபடியும் உட்கார்ந்தபடியும். பக்கத்தில் தகர டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஹாலரன் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார்.

"சொல்லு தம்பி. யார் மேல சந்தேகம்?"

பட்டன் உதட்டைக் கடித்தான். இடது கண்ணில் ஒரு சொட்டு திரண்டது. உருண்டது. அப்புறம் வலது கண்.

"டைரக்டர் சார்தான்..."

"எப்படிச் சொல்ற?"

"எனக்கு அழுகை வரணும்னா அவர் ஒரே ஒரு பொய்தான் சொல்லுவார் சார். கேமராவை ஓட விட்டுட்டு, காதுகிட்ட குனிஞ்சு, 'மேஜர் செத்துப்போச்சுடா. லாரி ஏறிடுச்சு'ன்னுவார். நான் அழுவேன். கட் சொல்லுவார். மேஜர் வாலாட்டிக்கிட்டு வரும்."

"ஒரு படத்துலயா?"

"எல்லாப் படத்துலயும். ஒண்ணுல லாரி, ஒண்ணுல விஷம், ஒண்ணுல ஓநாய். பதினோரு படம்!"

"பதினோரு தடவையும் நம்பினியா?"

"அழுதேனே சார்!"

ஹாலரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை என்ன?"

"என் குரல் உடையுது சார். இதான் கடைசிப் படம். எனக்கு பதிலா ஒரு புதுப் பையனைப் பார்த்தாச்சு. மேஜருக்கும் கிழடு தட்டியாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன். 'அது ஸ்டுடியோ சொத்து, நாற்காலி மாதிரி'ன்னுட்டாங்க." குரல் பாதியில் தவளை மாதிரி உடைந்தது. "நேத்து டைரக்டர் சார் மாட்டு டாக்டரோட போன்ல பேசினார். 'கடைசி சீனுக்கு எனக்குப் பொய் வேண்டாம். ஊசியோட வாங்க. பையன் கண்ணு முன்னாடியே போடுங்க. அந்த முகம் எனக்கு வேணும்'னார்..."

ஹாலரன் முப்பது வருடமாகக் கொலைகாரர்களோடு பழகியவர். அவர்களில் ஒருவன்கூட இதைக் கலை என்று சொன்னதில்லை.

* * *

வாசலில் பத்திரிகைக்காரர்கள் ஈயாய் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். க்ரீல் நடுவில் நின்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார்.

"மேஜர் எனக்கு மகன் மாதிரி..."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!

ஹாலரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "மிஸ்டர் க்ரீல். நாயை நீங்கதான் கொன்னீங்கன்னு பையன் சொல்றான்."

பென்சில்கள் நின்றன.

"என்ன உளறல்!"

"இருக்கலாம். சின்னப் பையன், அதுவும் நடிகன். என்கிட்ட அழுததுகூட நடிப்பா இருக்கலாமில்ல?"

க்ரீலின் மூக்கு சிவந்தது. கொலைப் பழியைக்கூடத் தாங்கிக்கொள்வார். இதைத் தாங்கமாட்டார்.

"நடிப்பா? அவனுக்கா? கேட்டுக்குங்க எல்லாரும்! அந்தப் பயலுக்கு நடிப்புன்னா என்னன்னே தெரியாது! மரக்கட்டை! பதினோரு படத்துல அவன் விட்ட ஒவ்வொரு சொட்டுக் கண்ணீரும் நான் பிழிஞ்சு எடுத்தது! பொய் அழுகை அவனுக்கு வரவே வராது. எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள்.

"அப்படின்னா," என்றார் ஹாலரன் மெதுவாக, "என்கிட்ட அழுதது நிஜ அழுகை."

"நிஜ... இருங்க... நான் சொல்ல வந்தது..."

"பொய்யா அழத் தெரியாத பையன், உங்களைக் கைகாட்டி அழறான். ரத்தம் உங்க கேரவன்ல. ஊசியோட டாக்டரை வரச் சொன்னதும் நீங்க. இன்னிக்குக் காலையில மேஜரைக் கொன்னீங்களா இல்லியா?"

"இல்லவே இல்ல!" க்ரீல் தொண்டை கிழியக் கத்தினார். "இன்னிக்கு எதுக்குக் கொல்லணும்? வெள்ளிக்கிழமைதானே கொல்றதா இருந்தது!"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்துக் கெட்டது.

பளிச்! பளிச்! கேமராக்கள் மின்னின. இந்தத் தடவை எல்லாக் கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபீஸிலிருந்து வாசல் போனுக்கு அழைப்பு வந்தது. மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோ முதலாளி கோர்லிட்ஸ். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார் க்ரீல். அப்போதும் எல்லோருக்கும் கேட்டது.

"பொண்டாட்டியைக் கொன்னிருந்தா காப்பாத்தியிருப்பேன்யா! மூணு பேரைக் காப்பாத்தியிருக்கேன்! நாயைக் கொன்னவனை அமெரிக்காவுல எவனாலயும் காப்பாத்த முடியாது. படத்தை மூடு. வீட்டுக்குப் போ!"

"ஆனா நான் கொல்லலியே சார்..."

"வெள்ளிக்கிழமை கொல்லுவேன்னு சொன்னியே! சனிக்கிழமைன்னு சொல்லியிருந்தாலாவது ஞாயித்துக்கிழமைப் பேப்பருக்கு ஆகியிருக்கும்!"

போன் வைக்கப்பட்டது.

படம் நின்றது. பட்டன் மெல்ரோஸின் நடிப்புத் தொழிலும் அத்தோடு நின்றது. வெர்னா அங்கேயே ஒரு நாற்காலியில் சாய்ந்து மயங்கினாள். சிகரெட் மட்டும் கீழே விழவில்லை.

* * *

ஹாலரன் கொட்டகைக்குத் திரும்பினார். கதவைச் சாத்தினார். பட்டன் கரடியின் காலடியில் உட்கார்ந்து முன்பல்லிலிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அழுகை பிரமாதம் தம்பி. முதல்ல இடது கண், அப்புறம் வலது."

"நிஜ அழுகை சார்."

"அப்படியா? கேரவன்ல இருந்தது நிஜ ரத்தமா?"

பட்டனின் விரல் நின்றது.

"சாக்லெட் பாகு," என்றார் ஹாலரன். "நக்கிப் பார்த்தேன். என் சம்சாரம் ஐஸ்கிரீம் மேல ஊத்துறது. கறுப்பு வெள்ளைப் படத்துல ரத்தத்துக்கு நீங்க ஊத்துறதும் அதைத்தான். இருபது வருஷமா இந்தத் தளத்துல எல்லாரும் ரத்தம்னு பார்த்தது அதை மட்டும்தான். அதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரல."

பட்டன் தகர டப்பாக்களைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"முதல் படத்துல நிஜமாவே நம்பினேன் சார். எனக்கு அஞ்சு வயசு. கட் சொன்ன பிறகும் எனக்கு அழுகை நிக்கல. மேஜர் வந்து என் முகத்தையெல்லாம் நக்குச்சு. அப்புறம் ஒரு தடவைகூட நம்பல."

"மத்த பத்துப் படமும்?"

"நடிப்பு. ஆனா நடிக்கிறேன்னு தெரிஞ்சா டைரக்டர் சாருக்குக் கோபம் வரும். அதனால, அவர் சொல்றதை நம்புற மாதிரியும் சேர்த்து நடிச்சேன்."

ஹாலரன் சிரிக்கவில்லை.

"போன் பேச்சும் நடிப்பா?"

"அது மட்டும் நிஜம் சார். அதைக் கேட்டப்புறம் எனக்கு வேற வழி தெரியல. அவங்க கொல்றதுக்கு முன்னாடி நானே கொன்னுட்டா, அப்புறம் யாரும் கொல்ல மாட்டாங்கல்ல?" இப்போது கண்ணீர் வந்தது. இரண்டு கண்ணிலும் ஒரே சமயத்தில், மூக்கும் ஒழுக, கொஞ்சமும் அழகில்லாமல். "எங்கிட்டேருந்து பிடுங்கிடாதீங்க சார். அது ஸ்டுடியோ சொத்துன்னு எனக்குத் தெரியும்..."

"ஸ்டுடியோ சொத்து செத்துப்போச்சு. ரிப்போர்ட் எழுதியாச்சு. சாயங்காலப் பேப்பர்ல வந்துடும். செத்துப்போன நாயைத் தேடி யார் வரப்போறா?"

பட்டன் நிமிர்ந்தான்.

"என் கார் வாசல்ல நிக்குது," என்றார் ஹாலரன். "பின் சீட்டுல கம்பளி இருக்கு. உங்க வீடு எங்கன்னு சொல்லு. உங்கம்மா மயக்கம் தெளியறதுக்குள்ள போயிடலாம்."

"ஆனா சார்... மேஜர் எங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

ஹாலரன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மூலையை நோக்கிக் கையைக் காட்டினார்.

"உங்க டைரக்டர் சொன்னது பாதி உண்மை தம்பி. இங்க ஒருத்தருக்கு நடிப்பு சுத்தமா வரல. நீ அழ ஆரம்பிச்சதுலேருந்து பார்க்கிறேன்... அந்தப் பஞ்சடைச்ச நாய் வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு!"