குழாய்ச் சறுக்கு

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பூங்காவின் கேட்டை வெல்டர் தோளால் முட்டித் திறந்தபோது, பிற்பகல் வெயில் மேகத்துக்குள் போயிருந்தது. நாளைக்குப் பிள்ளைகள் வரவேண்டும். அதற்குள் விளையாட்டுச் சாமான்களைச் சரிசெய்யும் வேலை அவனுக்கும் அவன் மனைவிக்கும். இரும்பு வேலை அவன் பாடு, பெயின்ட் அவள் பாடு. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். வழியிலேயே தூங்கிப்போன குழந்தையை வேனின் பின்சீட்டில் படுக்கவைத்து, மனைவி ஜன்னல்களை இறக்கிவிட்டாள்.

ஊஞ்சல் சங்கிலியெல்லாம் துரு. சீசாவின் பிடி கழன்று தொங்கியது. நடுவில், ஒரு மேடையிலிருந்து மஞ்சள் குழாய்ச் சறுக்கு சுருண்டு இறங்கியது. அதன் வாயிலிருந்து அடைபட்ட ஈரத்தின் வாடை வந்தது.

"போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணு இதுலதானே போய்ச் சேர்ந்துச்சு? பழுதுன்னு தெரிஞ்சும் ஒருத்தரும் கண்டுக்கல" என்றாள் அவள்.

"வேலையப் பாரு. நீயா பேசி நீயா பயந்துக்குவ. அப்புறம் ராத்திரி தண்ணி குடிக்கப் போகக்கூட என்னை எழுப்புவ."

அவள் சிரித்துக்கொண்டே சீசாவின் பழைய பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம். பிளாஸ்டிக்கில் துணி உரச, யாரோ வழுக்கி வருகிற சத்தம். குழாயின் உச்சியில் தொடங்கி, வளைவு வளைவாகக் கீழே வந்தது.

யாரும் வெளியே வரவில்லை.

அவள் சட்டென்று வேனைப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காத்துதான்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நடுவுல இணைப்பு விட்டிருக்கும். பார்த்துட்டு வரேன்."

டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கமாகத் தலையை நுழைத்து மேல்நோக்கித் தவழ்ந்தான். கடைசியில் அவன் பாதங்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

"ஏய்." குழாய்க்குள் அவன் குரல் கம்மிக் கேட்டது. "பாப்பாவ ஏன் மேல ஏத்திவிட்ட?"

"என்னங்க சொல்றீங்க?"

"கண்ணைப் பொத்துறா. வெளையாடுற நேரமா இது? கைய எடுக்கச் சொல்லு."

அவள் மறுபடி வேனைப் பார்த்தாள். மகள் அப்போதுதான் புரண்டு படுத்தாள்.



"என்னங்க..." என்று கிசுகிசுத்தாள். "பாப்பா வேன்லதான் தூங்குது."



குழாய்க்குள்ளிருந்து ஒரு குழந்தையின் சின்னச் சிரிப்பு.

அவன் பாதங்கள் உள்ளே நகர்ந்தன. அவன் தவழவில்லை. இழுபட்டான்.

அவள் பாய்ந்து கணுக்கால்களைப் பிடித்தாள். அந்தப் பக்கமிருந்து ஏதோ அவனை இழுத்தது. குதிகாலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். திடீரென்று அந்தப் பிடி விட்டது. இருவரும் மண்ணில் உருண்டார்கள்.

அவன் நெற்றியில் ரத்தக் கோடு. மூடிய இமைகளின் மேல் சின்ன விரல்களின் ஈரத் தடம்.

"இணைப்புத் தகடு ஒடஞ்சு கத்தி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு" என்றான் மூச்சிரைக்க. "கண்ணைப் பொத்திக்கிட்டே என்னை அதுக்கு நேரா இழுத்துச்சுடி."

"வாங்க, போயிடலாம்."

"காதுக்குள்ள பேசுச்சு. 'நீங்க வேணாம். வேன்ல இருக்கிற பாப்பாவக் கூட்டிட்டு வாங்க'ன்னுச்சு."

அவளுக்குக் குழந்தையை வாரிக்கொண்டு ஓடத்தான் காலெல்லாம் துடித்தது. ஆனால் நாளைக்கு வரிசைகட்டி நிற்கப்போகும் பிள்ளைகளின் நினைப்பு வந்தது. வெட்டும் மிஷினை அவளே எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

சறுக்கை வெட்டப்போவதாகச் சொன்னதும் பூங்கா மேற்பார்வையாளர் போனில் கத்தினார். "ஏதாவது ஒட்டுப்போட்டுத் தொறந்து விடுய்யா!"

"ஒங்க புள்ளைய மொதல்ல ஏத்துவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அவன் போனை அணைத்தான்.

இருட்டுவதற்குள் சறுக்கு துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. மேடைக்கு ஏறும் ஏணியையும் கழற்றிப் போட்டார்கள். அவளுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

வேனில் மகள் விழித்து உட்கார்ந்திருந்தாள். சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டிருந்தாள்.

கதவைச் சாத்தப் போன அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இரும்மா. அவ இன்னும் ஏறல."