சத்தம் போடாத மெஷின்

டாக்சி என்னை இறக்கிவிட்டுப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மதியம்தான், ஆனால் விடியற்காலை மாதிரி மங்கலாக இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் கராஜ் கதவு முழுக்க மேலே ஏறிக் கிடந்தது. உள்ளே அண்ணனின் கார், அதற்குப் பின்னால் இருட்டு. அந்தக் கதவுக்கு அடியில்தான் அம்மா செத்துப்போனாள்.

நான் வந்ததற்குக் காரணம் உண்டு. கதவை ஏற்றி இறக்கும் பழைய மெஷினை அண்ணன் கழற்றி எறியப்போவதாக அண்ணி போனில் சொன்னாள். எறிவதற்குள் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அண்ணன் வேலைக்குப் போன பிறகு, அண்ணியும் வீட்டில் இல்லாத நேரத்தில், அந்த மெஷின் கிறுக்குப் பிடித்துத் தானாகக் கதவை இறக்கி, அடியில் நடந்து வந்த அம்மாவை அமுக்கிவிட்டது. அண்ணன் எல்லோருக்கும் சொன்னது அதுதான். கேட்டவர்கள் விதி என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். நானும் நம்பினேன். ஆனால் என்னவோ மீன்முள் மாதிரி தொண்டையிலேயே நின்றது. அம்மா எப்படிச் செத்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

அண்ணன் என்னை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க வழவழப்பான விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தான்.

"நல்ல நேரத்துல வந்த. இதுல எது நல்லதுன்னு நீ சொல்லு."

சொல்லவிட்டால்தானே. அவனே ஒவ்வொன்றாக விளக்கினான். செயினில் ஓடுவது நம் பழையது மாதிரி, கடகடவென்று வீட்டையே உலுக்கும். பெல்ட்டில் ஓடுவது மூச்சே விடாது. கூரையே வேண்டாம், பக்கச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒன்று. மின்சாரம் போனாலும் பாட்டரியில் ஓடும், ஆபீஸில் உட்கார்ந்தபடியே போனில் மூடலாம் என்று இன்னொன்று. அம்மாவின் முட்டிவலிக்கு ஒரு நல்ல டாக்டரைத் தேட இதில் கால்வாசி மெனக்கெட்டிருப்பானா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெல்ட்டைத் தொட்டுக் காட்டினான். அவனுக்குச் சத்தமே கூடாதாம். நல்ல மெஷினாகப் போட்டால் இனி யாருக்கும் எந்த ஆபத்தும் வராது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். குற்றமெல்லாம் பழைய மெஷின் மேல்தான் என்று நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

சாயங்காலம் கதவு மெக்கானிக் வந்தார். வாயாடி மனிதர். ஏணியில் ஏறிப் பழைய மோட்டாரைக் கழற்றும்போதே தன் மாமியார் வீட்டுக் கதவுகளைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று அந்த மோட்டாரையே பார்த்தேன். துருப்பிடித்த சாதாரணப் பெட்டி. அதைப் பார்த்தால் கிறுக்கு எதுவும் தெரியவில்லை.

"இங்க யாரோ முன்ன கண்ண மேல தூக்கிக் கட்டி வச்சிருந்திருக்காங்க போல," என்றார் மேலே இருந்து.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கதவின் இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்தில் இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். ஒன்று ஒளியை விடும், எதிரில் இருப்பது வாங்கும். கதவு இறங்கும்போது யாராவது குறுக்கே வந்தால் ஒளி அறுபடும், கதவு மேலே ஏறிவிடும். சில வீடுகளில் அது சும்மா சும்மா ஏறுகிறதே என்று எரிச்சல்பட்டு, இரண்டு கண்களையும் பிடுங்கி எதிரெதிராக வைத்து, கூரையில் டேப் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் கீழே யானையே நின்றாலும் கதவுக்குத் தெரியாது.

கூரைச் சட்டத்தில் டேப்பின் பசை கறுப்பாக ஒட்டிக் கிடந்தது.

அண்ணன் சிரித்தான். முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்களின் வேலையாக இருக்கும் என்றான்.

அண்ணியின் கையிலிருந்த டம்ளர் நழுவி, உடையாமல் உருண்டது.

புது மெஷின் ஏறிவிட்டது. மெக்கானிக் கண்கள் இரண்டையும் அவற்றின் இடத்தில் பொருத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் ரிமோட்டை அழுத்தினான். அவ்வளவு பெரிய கதவு துணி சரிவதுபோல இறங்கியது. நிஜமாகவே சத்தமில்லை. மழை விழுவதும் குழாய் சொட்டுவதும் கேட்டது.

இடுப்பளவு வந்ததும் நின்றது. மேலே ஏறியது.

மெக்கானிக் கண்களைத் துணியால் துடைத்தார். திரும்ப அழுத்தினான். திரும்ப இடுப்பளவு. திரும்ப ஏறியது. அவர் குனிந்து பச்சை விளக்கைப் பார்த்தார். அது அணைந்து, எரிந்து, அணைந்தது. பையிலிருந்து வேறு ஒரு ஜோடிக் கண்களை எடுத்து மாட்டினார். அதுவும் அப்படியே.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. முட்டிக்குத் தேய்க்கும் தைலம்.

அதற்கப்புறம் அந்தச் சத்தம்.

சரக்.

சரக்.

அம்மாவுக்கு வாசல் படி ஏற முடியாது. அதனால் காலையில் நடந்துவிட்டு வரும்போது கராஜ் வழியாகத்தான் வருவாள், தரை சமமாக இருக்கும் என்று. செருப்பை இழுத்து இழுத்து வைப்பாள். கதவுக்கு நேர் அடியில் நின்று தடியைக் கை மாற்றிக்கொள்வாள். அப்புறம் காரை ஒட்டி நடந்து, பின்னால் சமையலறைக்குப் போகும் சின்ன மரக்கதவைத் தடியால் தட்டுவாள். அது சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி இடுப்பிலேயே இருந்தாலும் தட்டத்தான் செய்வாள். யாராவது போய்த் திறக்க வேண்டும் என்று ஆசை.

பச்சை விளக்கு எரிந்தது. கதவு தானே இறங்கி மூடிக்கொண்டது.

மெக்கானிக் பேசுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. ஈரம் புகுந்திருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று முணுமுணுத்துவிட்டு, ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை ஹாரன் சத்தம் கேட்டு எழுந்தேன்.

சமையலறைக்கு ஓடினேன். மரக்கதவு திறந்திருந்தது, அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே அண்ணன் காரைப் பின்னால் எடுத்து, கராஜைப் பார்த்தபடி பாதையில் நிறுத்தியிருந்தான். கதவு இடுப்பளவு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. காலியான கராஜைப் பார்த்து அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"அத்தை இருந்தப்ப தினமும் இப்படித்தான்," என்றாள் அண்ணி கிசுகிசுப்பாக. "அவங்க நடந்து முடிக்கற வரைக்கும் அடிப்பாரு."

அண்ணன் காரிலிருந்து இறங்கி வந்தான். எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஸ்க்ரூட்ரைவர் எந்த டப்பாவில், டேப் எந்த ஆணியில் என்று தேடக்கூட இல்லை. கண்கள் இரண்டையும் கழற்றினான். ஸ்டூலில் ஏறி, கூரைச் சட்டத்தில் அந்தக் கறுப்புப் பசை இருந்த அதே இடத்தில் வைத்து, மூக்கோடு மூக்கு உரசும்படி ஒட்டி, டேப்பைச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தான்.

கை பழகியிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷினுக்குக் கிறுக்கும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிறதென்று பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறான். கடகட செயின் சத்தத்தில் அம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. விழுந்ததோ என்னவோ, அது அவனுக்கே வெளிச்சம். சாயங்காலம் வந்து பார்த்தவன், ஆட்களைக் கூப்பிடும் முன்னால் கண்களை இறக்கிக் கீழே மாட்டியிருக்கிறான். பெற்றவள் தரையில் கிடக்க, இவன் திருகாணி முடுக்கியிருக்கிறான்.

"நீதானா?" என்றேன்.

அவன் ரிமோட்டை அழுத்தினான்.

கதவு இறங்கியது. இடுப்பளவு வந்தது.

நின்றது.

கூரையில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அந்த இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையக்கூட இடமில்லை.

கதவு ஏறியது. தைல வாசனை மூச்சை அடைத்தது. சரக், சரக் என்று அது காரில்லாத வெறும் தரையில் எங்களை நோக்கி வந்து, நடுவில் நின்றது.

அண்ணன் ஸ்டூலின் பக்கத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் குரலில் அவன் பேசியதை நான் கேட்டேன்.

"அம்மா, சீக்கிரம் போம்மா. நேரமாச்சு."

செத்த பிறகும் அவளிடம் சொல்ல அவனுக்கு இருந்தது அவ்வளவுதான்.

அண்ணி என்னை உள்ளே இழுத்து மரக்கதவைச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது. நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். போலீஸில் சொல்லப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். டேப் பசையைக் காட்டியா என்று கேட்டான். நான் போலீஸுக்குப் போகவில்லை. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அவன் எனக்குப் போன் செய்தான். குரல் தேய்ந்திருந்தது. செயின் மெஷினில் எது அதிகம் சத்தம் போடும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். மெஷின் சத்தம் போடாததால்தான் அந்தச் சரக், சரக் கேட்கிறதாம். கடைக்காரர்கள் இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். நான் போனை வைத்துவிட்டேன். அவனே எங்கேயோ தேடிப் பிடித்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

நேற்று சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள்.

"கதவு இப்பல்லாம் நிக்கறதில்ல. ஒரே தடவையில மூடிடுது."

அப்படியானால் அம்மா போய்விட்டாளா என்று கேட்டேன். போனில் செயினின் கடகட சத்தம் கேட்டது. அண்ணன் வேலையிலிருந்து வந்திருந்தான் போலிருக்கிறது. கார் கதவு அறைந்தது. மரக்கதவு திறந்து மூடியது. பூட்டு விழுந்தது. அவனுடைய காலடி அண்ணியைத் தாண்டி வேகமாக உள்ளே ஓடியது. செயின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது.

"போகல," என்றாள் அண்ணி. "பெரிய கதவக் கடந்து, உள்ள மரக்கதவு வரைக்கும் வந்துட்டாங்க."

டொக்.

டொக்.

தடி மரத்தில் படும் சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது. பொறுமையாக, அவசரமே இல்லாமல்.

அந்தக் கதவுக்கு மெஷின் கிடையாது. யாராவது எழுந்து போய்த் திறக்க வேண்டும்.