கெசியா தட்டிய தாம்பாளம்

ஞானாபரணம் மாமா பிரியாணி செய்கிற இடத்தில் ஒரு சட்டம் உண்டு. அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கும். அதை அவர் கரண்டியால் தட்டினால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். முதலில் ஓடி வருகிறவருக்கு லெக் பீஸ். வேறு யாராவது அந்தத் தாம்பாளத்தைத் தொட்டால் என்ன ஆகும்? ஐயோ, அதை மட்டும் கேட்காதீர்கள்!

ஈஸ்டருக்கு மறுநாள், மேட்டுப்பாளையத்தில் கெசியாவின் சபைக்காரர்கள் எல்லாரும் பவானி ஆற்றுக்குப் போவார்கள். காலையிலேயே வேன் நிறைய அண்டா, அடுப்பு, பாய், பந்து எல்லாம் ஏறிவிடும். சாயங்காலம் வரை ஆற்றங்கரைதான் வீடு.

ஆனால் இந்த வருடம் போகலாமா வேண்டாமா என்று எல்லாருக்கும் தயக்கம். போன வருடம் இதே நாளில்தான் வின்ஸ்டனை ஆறு கொண்டுபோய்விட்டது. அவன் கெசியாவின் தெருப் பையன். கேரம் விளையாடினால் அவளை ஒரு நாளும் ஜெயிக்க விடமாட்டான். அவன் போன பிறகு கெசியா கேரம் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இன்னும் அதை வெளியே எடுக்கவில்லை.

கடைசியில் வின்ஸ்டனின் அம்மா, அற்புதம் அத்தைதான் வாயைத் திறந்தார். “புள்ளைங்க ஆசைப்படுதுங்க. போயிட்டு வரலாமுங்க. நானும் வாரேன்.”

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? கிளம்பிவிட்டார்கள். பழைய இடத்துக்குப் போகவில்லை. இது புது இடம். தண்ணீர் முட்டி அளவுதான். அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிந்தது. நடுவில் ஒரு தட்டையான பாறை. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

“இங்க ஒரு பயமும் இல்லீங்க” என்றார்கள் பெரியவர்கள். பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கெசியாவின் தம்பி ஜெஃபின்தான் முதல் ஆள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்த வாலு, பெரிய பிள்ளைகளோடு நடந்துபோய் நடுப்பாறையில் ஏறி நின்றுகொண்டது.

கெசியாவுக்கு ஒரு வேலை இருந்தது. தர்பூசணி குளிர வேண்டும். கரையோரத் தண்ணீரில் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் பழத்தை வைத்தாள்.

“பழத்துக்கு நீதான் காவல். உட்டுப்போட்டு வந்து நிக்காதே” என்றார் அம்மா ஜெனிதா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

பக்கத்தில் நீர்மருது மரத்தின் வேரில் அற்புதம் அத்தை உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. அத்தையிடம் என்ன பேசுவது என்று கெசியாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ வெளையாடப் போகலியா கண்ணு?”

“பழத்துக்குக் காவலுங்க அத்தை.”

“பழம் எங்க எந்திரிச்சு ஓடப் போகுது?” அத்தை லேசாகச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. “அன்னிக்கும் இப்படித்தான் வெயிலு. மழையே இல்லை. மேல அணையில தண்ணி தொறந்துட்டாங்க. எங்களுக்குத் தெரியலை. எல்லாருமாக் கூப்புட்டோம். தண்ணி சத்தத்துல அவனுக்கு ஒண்ணும் கேக்கலை. வா வான்னு கைய ஆட்டுனோம் கண்ணு. அவனும் சிரிச்சுட்டே கைய ஆட்டுனான்.”

கெசியா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பாறையில் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தர்பூசணி எழுந்து கிளம்பிவிட்டது!

அது ஆடி அசைந்து நடுப்பாறைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கெசியா ஓடினாள். கற்கள் எங்கே? அவள் அடுக்கிய கற்கள் அத்தனையும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தன. கூழாங்கல் தெரிந்த தண்ணீர் கலங்கியிருந்தது. சருகும் குச்சியும் நுரையோடு மிதந்து வந்தன.

கெசியா பாறைப் பக்கம் திரும்பினாள்.

“ஜெஃபின்! வாடா! கரைக்கு வாடா!” தொண்டை கிழியக் கத்தினாள். தண்ணீர் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினாள்.

ஜெஃபின் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

“அம்மா, தண்ணி ஏறுது!”

“அட, முட்டியளவு தண்ணிதானே கண்ணு? மழையா பேஞ்சுது?” அம்மா நிமிரக்கூட இல்லை. ஆண்கள் தூரத்தில் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஓடிப் போய், விஷயத்தைச் சொல்லி, அவர்களைக் கூட்டி வருவதற்குள் என்ன ஆகுமோ!

கூப்பிட்டால் கேட்காது. கையை ஆட்டினால் திரும்ப ஆட்டுவார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு எதுதான் கேட்கும்?

கெசியா அடுப்பைப் பார்த்து ஓடினாள்.

பிரியாணி தம்மில் இருந்தது. ஞானாபரணம் மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெசியா கரண்டியை எடுத்தாள். தாம்பாளத்தையும் எடுத்தாள்.

“ஏய் அம்மணி! வெய்யி கீழே! இன்னும் வேகலே!”

கெசியா ஓங்கித் தட்டினாள். டங்! டங்! டங்! தட்டிக்கொண்டே கரைக்கு ஓடினாள்.

பாறையில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

“சாப்பாடு!”

அவ்வளவுதான். லெக் பீஸ் என்றால் சும்மாவா? எல்லாரும் தொப்புத் தொப்பென்று குதித்துக் கரையைப் பார்த்து வந்தார்கள். போகும்போது முட்டி அளவு இருந்த தண்ணீர் இப்போது தொடை வரைக்கும் இருந்தது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தடுமாறிக் கரையேறினார்கள்.

ஜெஃபினைக் காணோம்!

அவன் பாதி வழியில் நின்றிருந்தான். பாறையில் தட்டி நின்ற தர்பூசணி அவன் பக்கம் வந்திருந்தது. “அக்கா பழம்!” என்று அதைக் கட்டிப் பிடித்திருந்தான். தண்ணீர் அவன் நெஞ்சு வரை ஏறியிருந்தது. இப்போதுதான் அவன் முகத்தில் பயம் தெரிந்தது. கால் எடுத்து வைக்க முடியவில்லை.

கெசியா தட்டுவதை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே தட்டினாள்.

அவளைத் தாண்டி யாரோ தண்ணீரில் இறங்கினார்கள். அற்புதம் அத்தை!

“மாமா, அத்தையைப் பிடிங்க!” என்று கத்தினாள் கெசியா. அவளைத் திட்ட ஓடி வந்த ஞானாபரணம் மாமா, திட்டுவதை மறந்து அத்தையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவின் கையை அம்மா பிடித்துக்கொண்டார். அத்தை மறு கையை நீட்டி ஜெஃபினின் சட்டையைக் கொத்தாகப் பற்றினார். விடவே இல்லை. இழுத்துக் கரையில் போட்ட பிறகும் அந்தச் சட்டையை விடவில்லை.

பழம் போயே போய்விட்டது.

எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். நடுப்பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. பழுப்புத் தண்ணீர்தான் சுழன்று ஓடியது. ஊஞ்சல் கட்டியவர்கள் கயிற்றோடு ஓடி வந்து அப்படியே நின்றார்கள்.

“லெக் பீஸ் எங்கக்கா?” என்றான் ஜெஃபின், நடுங்கிக்கொண்டே.

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “நீ சொன்னப்ப நான் காதுலயே போட்டுக்கலியே சாமி” என்று கெசியாவையும் இழுத்துக்கொண்டார்.

அடுப்பையும் பாயையும் மேட்டில் இருந்த பாக்குத் தோப்புக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. அற்புதம் அத்தை ஈரப் புடவையோடு கெசியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“போன வருசம் எங்களுக்கு இது தோணலியே கண்ணு” என்றார் மெதுவாக.

கெசியா யோசித்தாள். “நீங்க சொன்னதுனாலதாங்க அத்தை எனக்குத் தோணுச்சு. கைய ஆட்டுனப்ப அவனும் ஆட்டுனான்னு நீங்கதானே சொன்னீங்க?”

அத்தை அவள் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கெசியா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“பிரியாணி வெந்துருச்சுங்க” என்று வந்து நின்றார் ஞானாபரணம் மாமா. அவர் கையில் தாம்பாளமும் கரண்டியும் இருந்தன. “இன்னிக்கு நான் தட்டலை. நீயே தட்டு அம்மணி.”

கெசியா அதை வாங்கி, அற்புதம் அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை கொஞ்சம் தயங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டங்! டங்! டங்! என்று தட்டினார்.

தோப்பின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் வந்து சேரும் வரைக்கும் அத்தை தட்டிக்கொண்டே இருந்தார்.